வாலென்டினுக்கும் ஒரு கடி

மெரிடா
12 மார்ச் 1996

கடல் நடுவே சமைத்துப்போடும் என் அப்பாவுக்கு,

நிக்தே எழுதுவது. அம்மா சுகம், தம்பிமார் சுகம், நாய் சுகம். நீங்களும் அந்த எண்ணெய்த் தளத்தில் காற்று மழைக்குத் தப்பிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா, என் பல்லைச் சரிசெய்ய முடியுமாம்! இதைத்தான் முதல் வரியில் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல நலம் விசாரிடி, கழுத" என்று தலையில் தட்டினாள். வேறு தாள் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நேற்று டாக்டர் ஷியோமாராவிடம் போனோம். "பல்ல கடிச்சுக் காட்டு" என்றார். கடித்தேன். "சரி, இப்ப முழுசா கடி" என்றார். "முழுசாத்தான் டாக்டர் கடிச்சிருக்கேன்" என்றேன். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. முன்பற்கள் மட்டும் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் போல ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. இடையில் ஒரு பென்சிலை விட்டார், தாராளமாகப் போய் வந்தது. இதற்குத் திறந்த கடி என்று பெயராம். இத்தனை வருடம் பெயர் தெரியாமலே இதோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்!

அடுத்த வருடக் கடைசிக்குள் முன்பற்கள் தொட்டுக்கொள்ளும் என்கிறார். அப்படியானால் அடுத்த வருட நவம்பர் பிறந்தநாளுக்கு, நம் வழக்கப்படி கேக்கை வெட்டுமுன் நான் வாயாலேயே கடிப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தபந்தம் எல்லாம் "கடி! கடி!" என்று கத்த, எல்லாரையும் போலக் கடிப்பேன். போன தடவை நான் கடித்த இடத்தில் நடுவில் ஒரு சுவர் இடியாமல் நின்றது. ஹசிந்தோ சித்தப்பா, "நிக்தே கடிக்கல, கேக்குக்கு ஜன்னல் வச்சிருக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் போய் அழுதேன். அதை நீங்கள் பார்க்கவில்லை. என் பிறந்தநாளுக்கு மறுநாள் உங்களுடையது, இருவருக்கும் சேர்த்து ஒரே கேக் என்று வீட்டில் வழக்கம் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் வருடம் தவறாமல் அந்த வாரம் கடலில் இருக்கிறீர்கள். அடுத்த வருடமாவது வருவீர்களா?

உங்கள் ஜன்னல் மகள்,
நிக்தே

*

எண்ணெய்த் தளம், சமையல்கட்டு
2 ஏப்ரல் 1996

என் செல்ல மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. துரப்பண ஆட்கள் என்னைக் கடலில் தூக்கிப் போடுவதாகச் சொன்னார்கள். "என் மகளுக்குப் பல்லு சரியாகப் போகுதுடா, தின்னுட்டுப் போங்கடா" என்றேன். தின்றார்கள்.

எல்லாம் நீ விரல் சூப்பியதால் வந்தது. சின்ன வயதில் உன் கட்டைவிரலில் ஹபனேரோ மிளகாயைத் தடவினோம். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அன்றோடு விட்டிருக்கும். நீ காரம் தின்றே வளரும் யுகதான் பிள்ளை. காரம் போனதும் விரலை நீட்டி, "இன்னும் வேணும்" என்று கேட்டாய். உன் அம்மாவும் தடவிவிட்டாள். சூப்பு குறையவில்லை, மிளகாய்தான் தீர்ந்தது.

சரி, ஒரு விஷயம். இங்கே வாலென்டின் என்று எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் உன்னைப் போலத்தானாம். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. விரலே சூப்பியதில்லையாம். அவன் கேட்கிறான்: இது வேறு எதனால் வரும்? அந்த வயதில் சரியாகுமா? டாக்டரிடம் கேட்டு விவரமாக எழுது. பாவம், ரொம்ப வெட்கப்படுகிறவன்.

நவம்பரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். யாருக்கு எப்போது விடுப்பு முறை வரும் என்று இங்கே சொல்ல முடியாது.

முத்தங்களுடன்,
அப்பா எலிஹியோ

*

மெரிடா
9 ஜூன் 1996

அன்பு அப்பா,

கிளிப் போட்டாயிற்று! வாய்க்குள் ஒரு இரும்புக்கடையே திறந்துவிட்டார்கள். மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பிவேலியும் உண்டு. அது நாக்குக்காக. விரல் தொடங்கி வைத்த வேலையை நாக்குதான் தொடர்ந்து செய்துவந்திருக்கிறதாம். ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் என் நாக்கு முன்னால் வந்து பல்லைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழுங்குகிறோம், யோசித்துப் பாருங்கள்! பல்லை மட்டும் இழுத்துக் கட்டி, நாக்குக்குப் பாடம் சொல்லாமல் விட்டால், கிளிப்பைக் கழற்றியதும் இடைவெளி பழையபடி திறந்துவிடும்.

இனி வாலென்டினுக்கு. முதல் கேள்விக்குப் பதில்: தாடை எலும்பு வளர்ந்த விதத்தாலும் வரலாம், அது பரம்பரையாகவும் வருமாம். இரண்டாவதற்கு: வயது ஒரு தடையில்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் ஐம்பதிலும் பல் நகரும், கொஞ்சம் மெதுவாக. கோளாறு தாடையிலேயே அதிகம் என்றால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்கிறார். அதுவரை இந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள்: நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வைக்க வேண்டும், பல்லில் படக்கூடாது. கடைவாய்ப் பல்லைச் சேர்த்துக்கொண்டு, உதட்டைக் குவிக்காமல் விழுங்க வேண்டும்.

கேட்க எளிது. நான் கண்ணாடி முன்னால் செய்து பார்த்தபோது ஆரஞ்சுச் சாறு மூக்கு வழியாக வந்தது.

நிக்தே

*

எண்ணெய்த் தளம்
20 ஆகஸ்ட் 1996

மகளே,

சாறு மட்டுமில்லை, காப்பியும் வரும். வாலென்டின் செய்து பார்த்தான். நாலு பேர் பார்க்க என் வெள்ளைச் சட்டை பாழாகிவிட்டது. இப்போது பரவாயில்லை. சூப் கிண்டிக்கொண்டே நாக்கை மேலே வைத்துப் பழகுகிறான். "என்னய்யா, வாயில கடலையா வச்சிருக்க?" என்று பையன்கள் கேட்கிறார்கள்.

அவன் இன்னும் ஒன்று கேட்கிறான். டாக்டர் பார்க்கும்போது சிரிப்பாரா?

அப்பா

*

மெரிடா
5 செப்டம்பர் 1997

என் அப்பா,

முதலில் செய்தி. தொட்டுவிட்டது! போன வாரம் முன்பற்கள் தொட்டுக்கொண்டன. துணிக்கடையில் தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்தேன், அறுந்தது. இத்தனை நாள் பக்கத்துப் பெண்ணிடம் கத்தரிக்கோல் கேட்டுக்கொண்டிருந்த நான்! சந்தோஷத்தில் தேவையில்லாத நூலையெல்லாம் கடித்தேன். முதலாளியம்மா, "எலி பூந்துருச்சா?" என்றாள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து இழுக்கிற பொடி ரப்பர் வளையம் ஒன்று முன்பு ஒருநாள் தெறித்து, கடைக்கு வந்த ஒரு பெரிய மனிதரின் தொப்பியில் போய் விழுந்தது; அவர்கூட வந்து வாழ்த்தினார். அக்டோபரில் கிளிப்பைக் கழற்றுகிறார்கள். அப்புறமும் இரவில் பிடிப்புக் கம்பி போட வேண்டும், நாக்கையும் கண்காணிக்க வேண்டும்.

இப்போது அடுத்தது. டாக்டர் என் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, "விரல் மட்டும் இவ்வளவு செஞ்சிருக்காது. இந்தத் தாடை வீட்ல வேற யாருக்கு?" என்று கேட்டார். "எங்க வீட்ல எல்லாருக்கும் பல்லு பூட்டு மாதிரி" என்று அம்மா மார்தட்டினாள். பிறகு சட்டென்று, "ஆனா உங்கப்பா..." என்று இழுத்தாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கல்யாணப் படத்தை எடுத்தோம். மீசை. என் ஞானஸ்நானப் படம், அதிலும் மீசை, மூடிய உதடு. ஒரு படத்திலும் உங்கள் பல் இல்லை. "அவரு சோளக்கதிரக் கடிச்சு நான் பாத்ததே இல்லடி. எப்பவும் கத்தியால சீவித்தான் தின்பாரு. சமையக்காரரு, அழகாத் தின்றாருன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள்!

அப்பா, சின்ன வயதிலிருந்து எனக்கு மாங்காயையும் இறைச்சி ரொட்டியையும் பொடிப்பொடியாக நறுக்கி வைப்பீர்கள். தம்பிமார் முழுசாகக் கடிப்பார்கள். எனக்கு மட்டும் நறுக்கல். என் வாயைப் பார்க்க உங்களுக்கு அவமானம் என்று நினைத்தேன். அதனால்தான் கேக் வெட்டும் வாரம் கடலுக்குப் போகிறீர்கள் என்றும் நினைத்தேன். பக்கத்தில் உங்கள் தட்டிலும் அதே நறுக்கல் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

வாலென்டின் கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது: டாக்டர் சிரிக்க மாட்டார். நவம்பர் பதினாலாம் தேதி பெரிய கேக் சொல்லியிருக்கிறேன். வாலென்டினைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் வராவிட்டால் நானும் கடிக்கப்போவதில்லை. சத்தியம்.

நிக்தே

*

எண்ணெய்த் தளம்
1 டிசம்பர் 1997

என் நிக்தே,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். படகில் எல்லாருக்கும் நம் கேக் படத்தைக் காட்டிவிட்டேன். இப்போது அது அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஒரே கேக்கில் இரண்டு கடி. ஒன்று பிறை போல அச்சாக விழுந்தது. அதைக் காட்டி, "இது என் மகள்" என்கிறேன். இன்னொன்றின் நடுவில் சுவர் இடியாமல் நிற்கிறது. "இது யாருதுய்யா?" என்று கேட்டார்கள். "என்னுது" என்றேன். சொல்லிவிட்டு அவர்கள் முன்னாலேயே பல் தெரியச் சிரித்தேன். ஒருவனும் மயங்கி விழவில்லை.

ஹசிந்தோ, "அண்ணனுக்கும் ஜன்னலா!" என்று கத்தியபோது, நீ க்ரீம் முகத்தோடு நிமிர்ந்து, "ஆமா சித்தப்பா, எங்க வீட்டு ஜன்னல். என்னுத இப்பத்தான் சாத்தினேன், அப்பாவுதையும் சாத்தப்போறோம்" என்றாயே, அப்போது உன் அம்மா அழுததை நீ பார்த்தாயா? நான் அழவில்லை. கண்ணில் க்ரீம் போய்விட்டது.

மீசையை எடுத்துவிட்டேன். காற்று நேரே உதட்டில் அடிக்கிறது, ஜலதோஷம் பிடித்திருக்கிறது. பிப்ரவரி விடுப்புக்கு எழுதிக்கொடுத்தாயிற்று, டாக்டரிடம் நாள் வாங்கி வை. வாலென்டின் வேலையை விட்டுப் போய்விட்டான், இனி என் பேரிலேயே கேட்கிறேன்: கிளிப் போட்டால் ரொம்ப வலிக்குமா?

கடைசியாக ஒன்று. கேக் கடித்த மறுநாள் காலையில், நான் மேசைக்கு வருவதற்குள் என் ரொட்டியைப் பொடிப்பொடியாக நறுக்கித் தட்டில் வைத்திருந்தாய். உன்னுடையதை முழுசாகக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாய். ஒரு துண்டு விடாமல் தின்றேன், பாராட்டத்தான் மறந்துவிட்டேன்.

ரொட்டி நன்றாக இருந்தது, மகளே.

உன் அப்பா,
எலிஹியோ