ஒரே தகடு, மூன்று ரீடிங்

6 அக்டோபர், திங்கள்
காலையில் தூறல். பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் கல்லூரி பஸ் ஊரைச் சுற்றிப் போனது. ஒரு மணி நேரம் தாமதம்.

துளைத் தகட்டை மறுபடி அளந்தேன். துளையில்லாத தகடு திருப்பி அனுப்பும் ஒலியை 100 என்று வைத்தால், ஜூலையில் இதற்கு 70. குறையக் குறைய நல்லது. இன்று 93. மூன்று முறையும் 93.

அதே தகடு. அதே கருவி. அதே நான்.

ஜூலை 70-ஐ நம்பித்தான் வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். இன்னொரு முறை அளந்து உறுதி சொல்லக் கேட்கிறார்கள். கெடு வெள்ளி. கட்டுரை போனால் ஆறு வருட பி.ஹெச்டி.யும் போச்சு.

வாங்க: து.பருப்பு, இவருக்கு பி.பி. மாத்திரை.

7, செவ்வாய்
கைடு சார் போனில்: "ஜூலை ரீடிங்கையே போடுங்கம்மா. புதுசை யார் பார்க்கப் போறா?"
நான் பார்த்துவிட்டேனே. "சரி சார்" என்றேன். எதற்குச் சரி?

சாப்பிடும்போது இவர், "அந்தத் தகட்டுல அப்படி இன்னாதான் இருக்குது?"
சொன்னேன். ஒலியைவிட ஆறேழு மடங்கு வேகத்தில் பறப்பதன் தோலை ஒட்டிக் காற்று முதலில் சீராக ஓடும். அதற்குள் காதுக்குக் கேட்காத ஒலி அலை வளர்ந்து காற்றைக் கலைத்துவிடும். கலைந்தால் தோல் கொதிக்கும். தோலில் முடியைவிட மெல்லிய துளைகள் இருந்தால் அலையை விழுங்கும். கலைவது தள்ளிப்போகும்.
"நம்ம ஸ்கூட்டர் சைலன்சர்லயும்தான் ஓட்டை இருக்குது. நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது."
சிரித்தேன். பிறகு பாத்ரூமில் அழுகை. ஏன் என்று தெரியவில்லை.

9, வியாழன்
வெயில். மைக்ராஸ்கோப்பில் தகடு. துளைகள் மஞ்சளாக.

சந்தனம். போன வாரம் ஆயுத பூஜை.

லேப் அசிஸ்டென்ட் சுமதியைப் பிடித்துக் கேட்டேன். "நாங்க லேத்துக்கும் கம்ப்யூட்டருக்கும்தான் மேடம் பொட்டு வெச்சோம். அதுக்கு நீங்கதான வெச்சீங்க? யாரையும் தொடவே விடலியே."
ஆமாம். மோதிர விரலால். நடுவில் ஒன்று, நான்கு மூலையிலும் ஒவ்வொன்று. மறுநாள் துணியால் அழுத்தித் துடைத்தேன். இன்னும் உள்ளே போயிருக்கும்.

சாயங்காலம் தேரடித் தெரு நகைக்கடை. ஒலி அலையால் அழுக்கெடுக்கும் தொட்டி வைத்திருக்கிறார்கள்.
"இன்னாம்மா இது, வெள்ளியா?"
"ஸ்டீல்."
"ஸ்டீலைக் கொண்டாந்து கழுவச் சொல்ற மொதல் ஆளு நீங்கதான்."
யாருடைய கொலுசோடோ சேர்த்து முக்கினார். தண்ணீர் மஞ்சளானது.

10, வெள்ளி
எட்டு மணிக்கே லேப். 52. மறுபடி 52.

சந்தோஷம் ஐந்து நிமிடம். இதுதான் சரி என்றால் ஜூலையில் 70 ஏன்?

போனில் போன வருட ஆ.பூஜை போட்டோ. எல்லாரும் சிரிக்கிறோம். மேசைமேல் தகடு. நடுவில் ஒரே ஒரு பொட்டு. அதுவும் என் விரல்தான்.

ஆக, நான் அனுப்பிய எண்ணிலும் சந்தனம். 52-இல் மிச்சம் ஒட்டியிருக்காது என்று யார் சொல்வது?

இவருக்குப் போன் செய்தேன். "கம்மியா வந்தா நல்லதுன்ன. கம்மியாதான வந்துருக்குது? அப்புறம் ஏன் அழற?"


மதியம் சாப்பிடவில்லை. மெயிலில் மூன்று ரீடிங்கையும் போட்டேன். கட்டுரையில் உள்ள 70 தவறு. காரணம் என்ற இடத்தில்: பூஜைச் சந்தனம், வைத்தது நான். ஆயுதங்களுக்கு ஏன் பொட்டு என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அழித்தேன்.

4.40. அனுப்பியாச்சு. சாருக்கும் ஒரு காப்பி.

4.46. சார் கூப்பிடுகிறார்.