ஜெப நோட்டின் நாற்பத்திரண்டாம் பக்கம்

அனுப்புநர்
பெ. செல்லத்தாய் (வயது 52),
க/பெ. பென்சன்,
ஆலயத்துக்குப் பின் தெரு,
செட்டியார்பட்டி, இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், இராஜபாளையம்.

பொருள்: 'உலைமூடி' திரைப்படத்துக்குச் சிறந்த கலை இயக்க விருது வாங்கித் தந்த ஜெபக் கணக்கு நோட்டு மனுதாரருடையது எனச் சான்று வழங்கவும், அதன் 42ஆம் பக்கத்தை 22.1.2026க்குள் மனுதாரரின் நாத்தனாருக்குக் காட்ட வழி செய்யவும் கோருதல் – சம்பந்தமாக.

பார்வை: 1. படக் கம்பெனியின் பொருள் ஒப்படைப்புப் பட்டியல், நாள் 19.2.2024 (என் கையெழுத்துடன்).
2. மேற்படி கம்பெனியின் கடிதம், நாள் 27.10.2025.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு நாள்காட்டித் தாளையும் ஆலயத்தில் கொடுக்கும் ஆராதனைத் தாளையும் பார்த்துப் பார்த்து எழுதி, மீதி எழுத்துகளை நானே சேர்த்துக்கொண்டேன். ஆண்டவரிடம் கேட்டதையும் மறக்கிறோம், அவர் தந்ததையும் மறக்கிறோம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்ட அன்றே ஜெபக் கணக்கு நோட்டு போட்டேன். ஐந்து கட்டங்கள்: வரிசை எண், கேட்ட தேதி, கேட்டது, கிடைத்த தேதி, குறிப்பு. இம்மனுவில் கண்டது இரண்டாம் நோட்டு; அது என் கையை விட்டுப் போன அன்றைய நிலவரம்: கேட்டவை 212, கிடைத்தவை 131, நிலுவை 44, தள்ளுபடி 37. தள்ளுபடியில் பெரும்பகுதி என் கணவரைத் திருத்துவது சம்பந்தப்பட்டது.

2. 2024 பிப்ரவரியில் 'உலைமூடி' என்ற படத்துக்காக, புகை படிந்த அடுப்படி தேடி ஒரு கம்பெனியார் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எட்டு வீடு பார்த்து என் அடுப்படியைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவிலேயே அழுக்கான அடுப்படி என்றுதான் அதற்கு அர்த்தம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சினிமாவில் வரப்போகிறதே என்று, அவர்கள் திரும்பி வருவதற்குள் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, டப்பாக்களைப் புளி போட்டு விளக்கி அடுக்கி வைத்துவிட்டேன். பார்த்த கலை இயக்குநர் சற்று நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருடைய ஆட்கள் மூன்று நாள் பாடுபட்டு, நான் போக்கிய கரியை மறுபடியும் பூசினார்கள். அந்த உழைப்புக்கு எந்த விருது கொடுத்தாலும் தகும் என்பதை இம்மனுவின் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறேன்.

3. கடைசி நாளில் சூர்யபிரகாஷ் என்ற உதவியாளர், கதாநாயகி கையில் வைத்திருக்கப் பழைய பால்கணக்கு நோட்டு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பால்கணக்கு நோட்டு இருந்தது. ஆனால் அதில் பாதி என் கணவர் கிறுக்கியது. என் கையெழுத்து நான்கு பேர் கண்ணில் படட்டுமே என்ற ஆசையில் ஜெப நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பார்வை 1இல் கண்ட பட்டியலில் "பழைய நோட்டு – 1" என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்தும் போட்டேன். ஆகவே திருட்டுப் புகாருக்கு இடமில்லை. எதிர்மனுதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரையே எழுத வேண்டியிருப்பதால் அதை விட்டுவிட்டேன்.

4. படம் இராஜபாளையத்தில் நான்கு நாள் ஓடியது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நோட்டு இருட்டில் ஒரு கண் சிமிட்டும் நேரம் வந்து போனது. எழுத்து தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புது நோட்டில் வரிசை எண் 31 ஆக, "உலைமூடிக்கு விருது கிடைக்க" என்று கேட்டேன். அந்த வேண்டுதலுக்கு அட்டியில்லாமல் பதில் வந்தது. ஆண்டவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

5. 14.9.2025 ஞாயிறு மாலை, சென்னையில் நடந்த, உலைமூடியும் போட்டியில் இருந்த வெண்தாரகை திரைப்பட விருது விழாவைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். வீட்டில் இருந்து பார்த்திருக்கலாம். நான் சபை மண்டபத்தைக் கேட்டு வாங்கி, வெள்ளைத் திரை கட்டச் சொல்லி, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அறுபது பேருக்கும் சொல்லி அனுப்பினேன். என் கணவரின் தங்கை செலினாவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்தேன். அவர் பால்கோவாப் பெட்டியோடு வந்தார். பெயர் சொல்லி நன்றி கூறினால் எழுந்து நிற்க வசதியாக இருக்கும் என்று நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

6. விழாவை இப்போது நினைத்துப் பார்த்தாலும் வரிசையாகச் சொல்ல முடியும். சிறந்த படம் வேறொரு படத்துக்குப் போனது. மண்டபத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். சிறந்த நடிகை, எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்து, நான் முந்தானையால் குழம்புச் சட்டி இறக்குவதைப் பார்த்துப் பழகிக்கொண்ட அந்தப் பெண்தான். அவர் தம் தாயாருக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் நன்றி சொன்னார். சிறந்த வசனம், "உப்பு கம்மின்னா வாய்ல சொல்லணும், தட்டுல சொல்லப்படாது" என்ற வரிக்காகப் பாராட்டப்பட்டது. அது நான் என் கணவரிடம் சொன்னது. படப்பிடிப்புக்கு நடுவில், பிளக்ஸ் தட்டி மறைவில் நின்று சொன்னேன். இசைக்கான விருது வாங்கிய முதியவர் மேடையில் அழுதபோது நாங்களும் அழுதோம். அடுத்தது கலை இயக்கம்.

7. பெயரை அறிவிக்கும் முன் படத்தின் ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினார்கள். நோட்டின் 41ஆம் பக்கம். திரை பத்தடி அகலம். தியேட்டரில் தெரியாத எழுத்து அங்கே ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அறுபது பேரும் மனதுக்குள் வாசித்தார்கள். செலினா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வரியை வாய்விட்டு வாசித்தார். அதைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்:

"163. கேட்டது 9.12.22. நாத்தனார் செலினா கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் வந்து தங்காதிருக்க. கிடைத்தது 22.12.22. குறிப்பு: அவளுக்குக் கால் சுளுக்கு. ஸ்தோத்திரம்."

8. அந்த ஜெபத்துக்குக் காரணம், செலினா வரும்போதெல்லாம் என் அடுப்படி டப்பாக்களை இடம் மாற்றி வைப்பார். கடுகைத் தேடினால் சீனி வரும். அதே டப்பாக்களைச் சினிமாக்காரர்கள் புரட்டிப் போட்டபோது நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

9. செலினா ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருப்பவர். மிஷின் மிதித்தால்தான் அடுப்பு எரியும். மண்டபத்தில் அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொன்னது இவ்வளவுதான்: "ஆறு வாரம் மிஷின மிதிக்க முடியாம கெடந்தேன் மதினி. இங்க ஸ்தோத்திரம் நடந்திருக்கு." வாசல் வரை போனவர் திரும்பி, "சனிக்கெழம சனிக்கெழம பஸ் ஏறி வந்து எனக்கு ஊக்கு தச்சுக் குடுத்தீயளே, அது பாசம்னுல்லா இம்புட்டு நாளும் நெனச்சேன்" என்றார். கொண்டுவந்த பால்கோவாப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரையில் கலை இயக்குநர் விருதை வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் என் பெயரைச் சொல்லவில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

10. விருதுக் குழுவின் பாராட்டுரையில், "எழுத்தறிவு குறைந்த ஒரு பெண்ணின் தடுமாறும் கையெழுத்தை இவ்வளவு தத்ரூபமாக உருவாக்கியது வியப்பளிக்கிறது" என்று வாசித்தார்கள். இருபத்தைந்து வருடம் பழகி, நான்கு பேர் பார்க்கட்டும் என்று கொடுத்த கையெழுத்து அது. பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். அபிப்பிராயமும் தெரிந்துவிட்டது. இதற்கு நிவாரணம் எதுவும் கோரவில்லை.

11. என் கோரிக்கை முழுவதும் அந்தத் தாளின் மறுபக்கத்தில் இருக்கிறது. கால் சுளுக்கிய செய்தி வந்தபோது ஸ்தோத்திரம் என்று எழுதியது உண்மை. மறுநாள் விடியற்காலை, கட்டுப் போட்ட காலோடு செலினா மிதிக்க முடியாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் போட்டோவை அவர் மகள் எலினா என் கணவருக்கு அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி 42ஆம் பக்கத்தில் எழுதினேன்: "164. கேட்டது 23.12.22. 163ஐத் திரும்ப எடுத்துக்கொள்ள. செலினா கால் குணமாக. நான் கேட்டதற்கு அவளைத் தண்டிக்க வேண்டாம்." பதினொரு நாள் ஒரு வேளை உபவாசம் இருந்தேன். சனிக்கிழமைதோறும் போய் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்தேன். "கிடைத்தது 3.2.23. குறிப்பு: மிஷின் மிதிக்கிறாள்." அங்கே ஸ்தோத்திரம் என்று எழுதினேனா என்று நினைவில்லை.

12. இதைச் செலினாவிடம் போனில் சொன்னேன். "ஒண்ண கண்ணால பாத்தேன். இன்னொண்ண காதால கேக்கேன். பேப்பரக் கொண்டாங்க மதினி, பேசுவோம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவர் கேட்டது நியாயம் என்றே கருதுகிறேன். எழுதி வைத்தால்தான் கணக்கு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

13. பேப்பருக்காக நான் எடுத்த முயற்சிகளில் முதலாவது வெட்கக்கேடானது. ஒரு புதுத் தாளில் 42ஆம் பக்கத்தைப் பழைய தேதி போட்டு எழுதி, பழசாகத் தெரிவதற்கு டீத்தண்ணீர் தடவி மொட்டை மாடியில் காயவைத்தேன். சீனி போட்ட டீ. எறும்பு வரிசை கட்டிவிட்டது. என் கணவர் தாளைத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, இது நோட்டா, மிச்சர் பொட்டலமா?" என்று கேட்டார். கலை இயக்கம் எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அன்று விளங்கியது. எறும்பு வராமல் இருந்திருந்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. எறும்புகளுக்கு நன்றி செலுத்தி, புது நோட்டில் பதிந்துள்ளேன்.

14. அடுத்து, கம்பெனியின் நிர்வாகி திரு. நவநீதகிருஷ்ணனை அழைத்தேன். நோட்டு சென்னை அலுவலகத்தில், விருதுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், 41ஆம் பக்கம் திறந்தபடி இருக்கிறதாம். வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஸ்தோத்திரத்தைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்களாம். "அம்மா, எங்க ஆளுங்க செஞ்சதுன்னு எழுதிக் கொடுத்துட்டோம். இப்ப உங்களதுன்னா விருதே சிக்கலாயிடும்" என்றார். பிறகு பார்வை 2இல் கண்ட கடிதம் வந்தது: நோட்டு தங்கள் குழுவினரால் தயாரிக்கப்பட்டதாகவே பதிவு உள்ளது, மனுதாரருடையது எனில் வருவாய்த் துறை அலுவலரின் சான்றுடன் அணுகவும். இ-சேவை மையத்தில் இருக்கும் பாண்டிசெல்வி பட்டியலை மேலும் கீழும் தேடிவிட்டு, "அக்கா, சாதி இருக்கு, வருமானம் இருக்கு, இருப்பிடம் இருக்கு. நோட்டு ஒங்களுதுங்கதுக்கு ஒண்ணும் காணோம். நேர்ல எழுதிக் குடுத்துப் பாருங்க" என்றாள். அதன்பேரிலேயே இம்மனு.

15. அவசரம் யாதெனில்: 22.1.2026 வியாழக்கிழமை எலினாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். என் கணவர் தாய்மாமன். அவருக்குப் பத்திரிகை வந்துவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை. எலினா பிறந்த நாளிலிருந்து அவளுக்காக நான் கேட்டவை மூன்று நோட்டிலும் சேர்த்து 61. அவள் கல்யாணத்துக்காகக் கேட்டது புது நோட்டில் வரிசை எண் 19. அது கிடைக்கிற நாளில் நான் இங்கே அடுப்படியில் டப்பா அடுக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். என் கணவரிடம் புலம்பியதற்கு, "ஆண்டவர்ட்ட எழுதிக் குடுத்தத ஊரே படிக்கணும்னு நீதான மண்டபம் புடிச்ச?" என்றார். பிறகு, "நீ வராம நான் மட்டும் போயி என்னத்த தாய்மாமன் சீர் செய்யப் போறேன்" என்றும் சொன்னார். தள்ளுபடிக் கணக்கில் இருந்த ஒன்றை நிலுவைக்கு மாற்றிவிட்டேன்.

16. பார்வை 1இல் எந்த நோட்டு என்று குறிக்காததால், நோட்டு என்னுடையது என்பதற்கு வேறு ஆதாரம்: 41ஆம் பக்கத்தில் உள்ள வட்டக் கறை எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகம். டம்ளரை இம்மனுவுடன் நேரில் கொண்டுவருகிறேன். கறையை உண்டாக்கிய என் கணவர், விருதில் தமக்கும் பங்குண்டு என்று சொல்லித் திரிகிறார். மேலும், எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அதில் உள்ளதை அய்யா முன்னிலையில் பார்க்காமல் சொல்லத் தயாராக இருக்கிறேன். கேட்பவர் பெண் அலுவலராக இருந்தால் நல்லது.

17. ஆகவே கோருவது: நோட்டு என்னுடையது என்று ஒரு சான்று, அதைக் காட்டி நோட்டை ஒரே ஒரு நாள் இரவல் வாங்கி வர கம்பெனிக்கு ஒரு பரிந்துரை. செலினா பார்த்த பிறகு நானே திருப்பிக் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். விருதை யாரும் திரும்ப வாங்க வேண்டாம். கரி பூசியவர்கள் உண்மையிலேயே கரி பூசினார்கள்.

18. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 42ஆம் பக்கத்தில் 164க்குக் கீழே இன்னும் ஒன்பது வரிகள் உண்டு. மற்றப் பக்கங்களைப் பார்க்காமல் சொல்வேன் என்றாலும், இவற்றில் என்ன கேட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் இரண்டு வரிகள் நினைவுக்கு வரவில்லை. அந்த ஈஸ்டருக்கும் செலினா வருவதாக இருந்தது. எனவே 164க்குக் கீழே தாளை மடித்து மறைத்துக் காட்ட அனுமதி கோரலாம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். பாதியைக் காட்டியதால் வந்த வம்பு இது. முழுப் பக்கத்தையும் செலினாவே திருப்பிப் பார்க்கட்டும். அதன் பிறகும் அவர் என்னைக் கூப்பிட்டால் அதுதான் அழைப்பு.

நாள்: 17.11.2025
இடம்: செட்டியார்பட்டி

வரிசை எண் 58ஐ அய்யா அவர்கள் பெயரில் எழுதி, கிடைத்த தேதியைக் காலியாக விட்டுக் காத்திருக்கும்,
பெ. செல்லத்தாய்

இணைப்பு:
1. ஆதார் நகல்.
2. பார்வை 1, 2 நகல்கள்.
3. டீத்தண்ணீர் தடவிய தாள் – 1. (இது பொய். அசலோடு ஒப்பிட மட்டும். எறும்பு கவனம்.)
4. எலினாவின் கல்யாணப் பத்திரிகை உறை. முகவரியில் "பென்சன் அண்ணன்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் "குடும்பத்தார்" என்று ஆரம்பித்து, அடித்திருக்கிறது. அடித்தது ஒரே கோடுதான். கோட்டுக்கு அடியில் இருப்பது நன்றாகத் தெரிகிறது என்பதை அய்யா அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுகிறேன்.