சாட்சி சொன்ன பிறகு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே நலமில்லை, ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டேன். போன் செய்யலாமே என்பாய். நான் பேசினால் உன் அம்மா அடுத்த அறையிலிருந்து கேட்கிறாள். அதோடு, உன் போனை எடுக்கிற ஆள், "பாஸ்டர் உபவாசத்துல இருக்காரு, ஐயா" என்கிறார். பெற்றவனுக்குப் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிறாய். சந்தோஷம்.

போன மாதக் கூட்டத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்கலாம். அங்கே தினமும் பலருக்கு நடக்கிறது, இங்கே ஒருத்திக்குத்தான் நடந்தது. உன் அம்மா சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். நீ திரையிலிருந்து, "அம்மா, கர்த்தர் உங்க சர்க்கரையை இந்த நிமிஷமே எடுத்துப் போட்டுட்டாரு, விசுவாசிக்கிறீங்களா?" என்றாய். உடனே எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவிலிருந்த இன்சுலினை எல்லாம் அள்ளி வந்து, எல்லாரும் பார்க்கக் குப்பைக் கூடையில் போட்டாள். சொஸ்தமானேன், சுகமாகிவிட்டேன் என்று சாட்சியும் சொன்னாள். உன் சபை கை தட்டியது. பிறகு நான் குனிந்து கூடையிலிருந்து பொறுக்கினேன். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

அன்றோடு ஊசி நின்றது. நான் நீட்டினால், "சாட்சி சொன்ன வாய்ங்க இது. இப்ப ஊசி போட்டா கர்த்தரைப் பொய்யராக்கின மாதிரி ஆயிடாதா? பாஸ்டரை நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்கிறாள். வயிற்றில் சுமந்த பிள்ளையைப் பாஸ்டர் என்கிறாள், பார்த்துக்கொள்.

குளியலறையில் எறும்பு வருகிறது. பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலையில் மறுபடியும் வரிசை, அவள் போய்வந்த இடத்தைச் சுற்றியே. "வெயில் காலத்துல எறும்பு வரத்தான் செய்யும்" என்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

செருப்பு கடித்த இடம் சுண்டுவிரலில் புண்ணாகியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறாள், அதன் மேல் பவுடர் கொட்டுகிறாள். எதற்கு என்று என் மூக்குக்குத் தெரியும். "துளி வலி இல்லீங்க, இதுவே அற்புதம் இல்லையா?" என்று என்னையே கேட்கிறாள். காலமெல்லாம் பம்பு மோட்டார் பிரித்தவன் நான். சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, சில நேரம் உள்ளே காயில் கம்பி எரிந்துபோயிருக்கும். கீழ்வீட்டு நர்ஸ் வந்து பார்த்தார். சாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிட்டார். படியில் இறங்கும்போதுதான், "அங்கிள், காத்திருக்காதீங்க. இன்னைக்குன்னா விரலோட போகும்" என்றார். நாளைக்குன்னா என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வேதக் கல்லூரிக்குப் போனவனல்ல, எழுத்துக் கூட்டியே வேதத்தை முடித்தவன். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அழுது ஜெபித்தான், கர்த்தரும் கேட்டார். ஆனாலும் தீர்க்கதரிசி அவன் புண்ணின் மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னானே, அது என்ன அவிசுவாசமா? இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "அவரு ராஜா, அவருக்கு அத்திப்பழம். எனக்குக் கர்த்தர் போதும்" என்றாள். அவர் தொட்டுக் குணமாக்குவார் என்பதை நான் மறுக்கவில்லை. நீ பிறந்து மூச்சில்லாமல் கிடந்தபோது முழங்காலில் கிடந்தவன் நான். ஆனால் அன்று டாக்டரை வாசலில் நிறுத்திவைக்கவில்லை.

என் பேச்சு இங்கே எடுபடாது. நீ அவளைக் கூப்பிட்டு, ஊசி போட்டுக்கோங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்.

அப்பா

***

மகனுக்கு,

பார்சல் வந்தது. பதில் இருக்கும் என்று பிரித்தேன், நீ ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெய்ப் புட்டி இருந்தது. நீ அம்மாவிடம் பேசியதும் தெரியும். "அந்த வீட்ல அவிசுவாசம் இருக்கு, அதுதான் தடை" என்றாயாம். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். நீ யாரைச் சொன்னாய் என்பது புரிகிறது.

இப்போது என்னை அறைக்குள் விடுவதில்லை. "கோவிச்சுக்காதீங்க, கொஞ்ச நாள் வெளியிலேயே இருங்க" என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு எண்ணெய் பூசுகிறாள். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எறும்புகள் கதவிடுக்கில் யாரையும் கேட்காமல் உள்ளே போகின்றன.

நேற்று நர்ஸ் ஆம்புலன்ஸை வரவழைத்தார். உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "பாஸ்டர் சொல்லட்டும், வர்றேன்" என்றாள். ஸ்ட்ரெச்சரை வெறுமனே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாக்ஸ் நழுவியிருந்தது. கறுப்பு சுண்டுவிரலோடு நிற்கவில்லை.

இன்று காலை தண்ணீருக்காகக் கதவைத் திறந்தாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள். என் முகத்தைப் பார்த்து, "தம்பி, எப்ப வந்தே?" என்றாள். நீ வந்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டே மறுபடி தாழிட்டுவிட்டாள்.

மாலையில் ஆம்புலன்ஸ் திரும்ப வரும். இந்தத் தாளை நர்ஸ் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவார். தாழ்ப்பாளை உடைப்பது எனக்குப் பெரிய வேலையில்லை, உடைப்பேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போயும் ஊசியைத் தட்டிவிடுவாள். அவள் கை ஓய்வது உன் சொல்லுக்குத்தான்.

நீ ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்பது எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. அவளைப் போல நீயும் சபைக்கு முன்னால் சொல்லிவிட்டாய், சொன்னதைத் திரும்ப வாங்க வழியில்லை. வழியை நான் தருகிறேன். கர்த்தர் குணமாக்கினார், வீட்டிலிருந்த கிழவன் சந்தேகப்பட்டுக் கெடுத்தான் என்று சொல். நானே உன் திரையில் வந்து, அத்தனை பேர் முன்னால் அதைச் சாட்சியாகச் சொல்கிறேன். அது பொய் என்பது உனக்கும் எனக்கும் கர்த்தருக்கும் தெரிந்தால் போதும். நான் யாருக்கும் தலை குனிந்தவனல்ல என்பது உனக்குத் தெரியும். இதற்குக் குனிகிறேன்.

போன் அவள் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் குரலுக்குத் திறக்க மாட்டாள், உன் குரலுக்குத் திறப்பாள்.

கர்த்தர் உனக்கு இரங்குவாராக. அவருடைய இரக்கம் பெரியது, என்னுடையது அவ்வளவு பெரியதல்ல. மாலைக்கு முன் பேசிவிடு.

கதவுக்கு வெளியிலிருந்து,
அப்பா