நடு மொட்டு

நான், உன் கணவன் சிவராமன். ஏலக்காயைத் தரம் பிரிப்பது என் வேலை. உன் சாவைப் பற்றி நானே எல்லோரிடமும் சொன்ன ஒரு வார்த்தையைத் திருத்துவதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

நீ போய் இருபது நாளாகிறது. இன்று காலைதான் மறுபடி மொட்டை மாடிக்கு ஏறினேன். மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. உன் வரிசைத் தொட்டிகள் ஐந்திலும், கிளைக்கு மூன்று நான்காகச் சின்னச் சின்ன ரோஜாக்கள். அவற்றின் நடுவே, நீ கடைசியாகக் கிள்ளிய காம்பு மட்டும் கறுத்து நின்றது.

கிள்ளும் விதி எளியது. கிளை நுனியில் நடு மொட்டை விட்டுவிட்டு, பக்கத்து மொட்டுகளை மிளகளவில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். சத்து முழுதும் ஒரே பூவுக்குப் போகும். ஞாயிறுதோறும் என் வரிசையை நானும் உன் வரிசையை நீயும் கிள்ளினோம். தொடக்கத்தில் நீ கேலி செய்தாய்: "மூணு பிள்ளையில ரெண்டப் பட்டினி போட்டு ஒண்ண வளக்குறீங்க. நல்ல சட்டம்." ஆனாலும் உன் பூக்களே என் பூக்களைவிடப் பெரியவை.

இந்தக் கோடையில் நீ தலையைச் சாய்த்துக்கொண்டு கிள்ளத் தொடங்கினாய். தெருவை வேடிக்கை பார்க்கிறாய் என்று எண்ணினேன். "செடியப் பாரு. நேராப் பாத்துக் கிள்ளு" என்றேன். தலையை நிமிர்த்தினாய். அன்றிலிருந்துதான் பக்க மொட்டுக்குப் பதில் நடு மொட்டைக் கிள்ளத் தொடங்கினாய். ஒவ்வொரு வாரமும் திட்டினேன். "விரல்ல கண்ணா இருக்கு? விடுங்க" என்று சிரித்தாய்.

பிறகு அந்த மாடிப் படிக்கட்டு. பட்டப்பகலில், காய்ந்த படியில், மொட்டுத் தட்டோடு இறங்கும்போது விழுந்தாய். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது இதுதான்: "எதுலயும் வெரசு. பாத்து இறங்கத் தெரியல." உன் அண்ணன் அதைக் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனார்.

இன்று, கத்தரிக்கோல் வைக்கும் பையில் மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. தேனியில் ஒரு கண் மருத்துவர் எழுதியது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை அழிந்துவருகிறது, ஓரப்பார்வைதான் மிச்சம், படியில் தனியே ஏறி இறங்கக் கூடாது. தேதியைப் பார்த்தேன். ராசிங்காபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று நீ கிளம்பிய நாள். சாய்த்துப் பார்த்தால்தான் உனக்குத் தெரியும். நேராகப் பார்க்கவைத்தவன் நான்.

உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். சீட்டைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார்: "நாந்தான் கூட்டிட்டுப் போனேன் மாப்ளே. உங்களுக்குத் தெரிஞ்சா மாடிக்கே விடமாட்டீங்களாம். ரெண்டு பேரும் சேந்து நிக்கிறது ஞாயித்துக்கெழம மட்டுந்தாண்ணே, அதக் கெடுத்துறாதன்னு கையப் புடிச்சுக்கிருச்சு."

ஏலக்காயில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கண்டுபிடிப்பவன் நான். உன் தலை சாய்ந்ததையும் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து, தவறு என்று திருத்தினேன்.

"நேராப் பாரு" என்ற அந்தச் சொல் இனி என்னோடுதான் இருக்கும். உன் ஐந்து தொட்டிகளிலும் நான் மொட்டுக் கிள்ளப்போவதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், நீ அவசரத்தில் விழவில்லை என்று சொல்வேன். ஏன் விழுந்தாய் என்பதையும், அதுவரை உன்னைத் திட்டியவன் யார் என்பதையும் சொல்வேன். பதினொரு மணி பஸ்சில் கிளம்புகிறேன். முதலில் உன் அண்ணன் வீடு.