ஆடியில் உன் அப்பாவுக்குக் கல்யாணம்

மைசூர்,
9.8.1996

அன்பு மகள் காவேரிக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு முட்டிவலி, உன் அப்பாவுக்கு முன்கோபம், இரண்டும் வழக்கம்போல் இருக்கின்றன, மற்றபடி நாங்கள் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறவரும் சுகமாக இருக்க சாமுண்டியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் நீ போன் பண்ணினபோது பாதி நேரம் உன் அப்பா ஹலோ ஹலோ என்று கத்தியதிலேயே போய்விட்டது, மீதி நேரம் அங்கே குளிரா என்று கேட்டதில் போய்விட்டது. அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதறாதே, நல்ல சேதிதான். போன புதன்கிழமை உன் அப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்கும்தான், அதே முகூர்த்தத்தில்.

உன் பிரசவத்துக்கு நாங்கள் வர வேண்டும் என்றால் முதலில் பாஸ்போர்ட் வேண்டுமே, அதற்காக தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக்கடை மாடியில் இருக்கிற ஏஜென்ட்டிடம் போயிருந்தோம். அவர் என் ரேஷன் கார்டைப் பார்த்தார், அதில் நான் அஞ்சலம்மா. ஓட்டர் லிஸ்டில் அஞ்சலாதேவி. பாங்க் புத்தகத்தில் அஞ்சலை. இந்த மூன்று பேரில் சாருடைய சம்சாரம் யார் என்று கேட்டார். உன் அப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. நாங்கள் ஒரு மகளைப் பெற்று வளர்த்து அமெரிக்காவுக்கே அனுப்பியிருக்கிறோம், அது போதாதா என்று கேட்டார். பெற்றதற்கு சர்ட்டிபிகேட் இருக்கிறது சார், கட்டினதற்கு இல்லையே என்றார் அந்த மனுஷர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தைப் பதிந்து ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வந்துவிட்டால் மூன்று பெயரும் ஒரே ஆள் ஆகிவிடும், சீக்கிரம் செய்யுங்கள், தாமதித்தால் பேரன் நடக்க ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். உன் அப்பா கரண்ட் பில் ஒன்று விடாமல் கோத்து வைத்திருக்கிற மனுஷர், ஆனால் எங்கள் கல்யாணப் பத்திரிகை மட்டும் வீட்டில் இல்லை. போட்டோ எடுக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

சரி, யாருக்கும் தெரியாமல் போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். ஐப்பசியில் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம், அதற்குள் இவர்கள் திருட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்று ஊர் சிரிக்கும். ஊராவது பரவாயில்லை, உன் பாப்பாயி அத்தை காதுக்குப் போனால் என்ன ஆவது? தம்பிக்குத் தானே முன்நின்று நடத்தி வைத்த கல்யாணம் என்று கொள்ளேகாலில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது கணக்கில் சேராது என்று அவளிடம் யார் சொல்வது. ஜோடியாக போட்டோ வேண்டும் என்றார்கள், ஸ்டுடியோவுக்குப் போனோம். கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார் என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல உன் அப்பா ஒதுங்கி ஒதுங்கிப் போய் கடைசியில் திரைச்சீலையில் இருந்த அருவிக்குள் பாதி போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அந்தப் போட்டோவில் என் முகம் சிரிப்பை அடக்கின முகம், அவர் முகம் தடுப்பூசி போட்டுக்கொண்ட முகம். ஒரு காப்பி இதனுடன் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டாதே.

எல்லாம் தயார் என்று நினைத்தபோது ரிஜிஸ்டர் ஆபீஸ் குமாஸ்தா, அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சாட்சிக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் அப்பா இல்லை, அவருடைய சிநேகிதர்களும் இல்லை. கையெழுத்துப் போடுகிற நிலையில் இருக்கிறவர்கள் பாப்பாயி அத்தையும் அவள் வீட்டுக்காரர் கெம்பையன் மாமாவும்தான். யாருக்குத் தெரியக்கூடாது என்று இருந்தோமோ அவளிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. உன் அப்பா ஒரு சீப்பு ரசபாலே பழத்தோடு கொள்ளேகால் பஸ் ஏறினார். அவர் வந்து சொன்னதைச் சொல்கிறேன். அக்கா முதலில் சாப்பாடு போட்டாளாம். இவர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், அப்படியென்றால் இத்தனை வருஷமும் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாளாம். கெம்பையன் மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம். அதன் பிறகு, நான் நின்று நடத்தினதற்கு ரசீது கேட்கிறானா கவர்மென்ட்டுக்காரன், அதுவும் ஆடியிலா என்று ஆரம்பித்தவள், இவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும்வரை விடவில்லையாம். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. பாப்பாயி அத்தை பட்டுப்புடவை கட்டி, தாம்பாளத்தில் தேங்காய் பழம் வெற்றிலை மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு இறங்கினாள், பின்னால் மாமா குடையோடு. கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரை அந்தத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் பஸ்ஸில் கேட்காமல் இருப்பார்களா, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் பருத்திப் புடவைதான் கட்டியிருந்தேன், பக்கத்து வீட்டு கமலம்மாளிடம் பல் டாக்டரிடம் போகிறோம் என்று முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன். அத்தை விடவில்லை, பட்டுக் கட்டச் சொன்னாள், தலையில் நான்கு முழம் மல்லிகை வைத்துவிட்டாள். வெளியே வந்தால் கமலம்மாள் கேட்டில் நிற்கிறாள். பல் டாக்டருக்கா இவ்வளவு பூ என்று கேட்டாள். பல்லாவது ஒன்றாவது, கல்யாணத்துக்குப் போகிறோம் என்றாள் அத்தை. யாருக்குக் கல்யாணம் என்று கமலம்மாள் கேட்க, இதோ இவனுக்குத்தான் என்று உன் அப்பாவைக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கமலம்மாள் முகம் வெளிறிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு யாரு அஞ்சலை என்று மெதுவாகக் கேட்டாள். நான்தான் என்றேன். அவளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆபீசில் கூட்டமே இல்லை. நமக்கு ஆடி, கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம், யாரும் கல்யாணப் பேச்சே எடுக்காத மாதம். குமாஸ்தா எங்கள் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, பையனும் பெண்ணும் வந்துகொண்டிருக்கிறார்களா என்று கேட்டார். உன் அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண், உன்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், நல்ல பொறுமைசாலி. பேப்பர்களை எல்லாம் பார்த்தாள், அத்தையையும் மாமாவையும் விசாரித்தாள். அத்தை எந்தக் கோயில், எத்தனை பந்தி, ரசத்தில் யார் உப்பை அள்ளிப் போட்டார்கள் என்பதுவரை சொன்னாள். அதெல்லாம் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியும் நிறுத்தவில்லை. அப்புறம் எங்களை எதிரே நிற்க வைத்து, சும்மா பதிவுதான், இருந்தாலும் நான் எல்லோரிடமும் கேட்பேன் என்று சொல்லி, சம்மதமா என்று கன்னடத்தில் உன் அப்பாவைக் கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள், பாக்டரியில் ஆஜர் சொல்கிற மாதிரி ஒப்பிகெ மேடம் என்று சொல்லிவிட்டார். அடுத்து என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பாயி அத்தை, "அவளுக்கென்ன அம்மணி, சம்மதந்தான், எழுதிக்க" என்றாள்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "அவரே ஹேளபேக்கு, அவங்களே சொல்லணும்" என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

காவேரி, உன்னிடம் சொல்வதற்கு என்ன. ராமாபுரத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இதே பாப்பாயி அத்தை உள்ளே வந்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள், தலையில் பூவை வைத்தாள், வெளியே போய் பெண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். நான் கையிலிருந்த காயைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் என்று சொல்ல வரவில்லை, அப்போது எல்லோருக்கும் அப்படித்தான், யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இப்போது ஒருத்தி கேட்டுவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று தெரியாமல் காத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது பிடித்திருந்தது. உடனே பதில் சொல்லிவிட்டால் தீர்ந்துபோய்விடுமே என்று இருந்தது. அதனால் நிஜமாகவே யோசித்தேன். என் தம்பியோடு இரண்டு தீபாவளி பேசாமல் இருந்தாரே, அதை யோசித்தேன். வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு இல்லை என்று சொல்கிறாரே, அதையும் யோசித்தேன். எனக்கு டைபாய்டு வந்தபோது ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக் கை கொப்பளித்துப் போய், யாரிடமும் சொல்லாமல் பாக்டரிக்குப் போனாரே, அதையும்தான் யோசித்தேன். திரும்பி அவரைப் பார்த்தேன். வேர்த்து வழிகிறது, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கிறார். மானேஜருக்கே பயப்படாத மனுஷர். அவர் அப்படிப் பயந்து பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா அம்மா என்று கேட்டாள்.

"இல்லீங்க. மொத தடவையா கேக்கறாங்க, அதான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். எனக்குச் சம்மதந்தான்" என்றேன்.

அவள் குனிந்து எழுதினாள், எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா விட்ட மூச்சில் மேஜை மேல் இருந்த பேப்பர் ஒன்று கீழே போய் விழுந்தது. சர்ட்டிபிகேட்டில் என் பெயர் அஞ்சலை என்றே சரியாக இருக்கிறது, அடுத்த வாரம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுகிறோம், எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார். அன்றிலிருந்து உன் அப்பா காலையில் காப்பி அவரே போடுகிறார். கழனித்தண்ணி மாதிரிதான் இருக்கிறது, குடிக்கிறேன். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதுவரை மூன்று தரம் கேட்டுவிட்டார். டிக்கெட் ஒன்று மிச்சம் ஆகியிருக்கும் என்றேன்.

மறந்துவிட்டேன், ஆபீசிலிருந்து நேராக ஓட்டலுக்குப் போனோம், கல்யாணச் சாப்பாடு என்று உன் அப்பா மசால் தோசையும் மைசூர்பாக்கும் சொன்னார். பாப்பாயி அத்தை ஆபீசிலிருந்து கிளம்பியது முதல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பதில் சொல்லாமல் நின்றது அவளுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தோசையைப் பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் புள்ள எங் கல்யாணத்துல என்னையக் கேட்டிருந்தா, நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

உன் அப்பாவுக்கு தோசை தொண்டையில் நின்றுவிட்டது. கெம்பையன் மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. "என்னையுந்தான் யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, தன் மைசூர்பாக்கில் பெரிய துண்டாக உடைத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பார், எனக்கு இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துத் தெரியாது. நாங்கள் நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததில் சப்ளையர் வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரும்பு மாத்திரையை டாக்டர் சொன்னபடி தவறாமல் போடு, பனி விழ ஆரம்பித்தால் செருப்போடு நடக்காதே, கனமான எதையும் தூக்காதே. உன் பழைய வாயில் புடவைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், குழந்தைக்கு அதுதான் மெத்தென்று இருக்கும். மாப்பிள்ளையின் அம்மாவிடம் இந்தச் சேதியைச் சொல்லாதே, ஐப்பசிக் கல்யாணத்துக்கு அவர்கள் வருகிறார்கள், அங்கே நான் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட வேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, பிறக்கப்போகிறவருக்கு இப்போதே ஒரு முத்தம்.

இப்போது சட்டப்படியும் உன் அப்பாவின் சம்சாரமான,
உன் அம்மா,
அஞ்சலை