பூசணிக்கால் சட்டையும் ஆறு குழிகளும்

2025 ஜூன் 12, வியாழன்

காலையில் கல்லூரிப் பெண்கள் ஏழு பேர் வந்து பஃப் கை ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நாளைக்கு அவர்கள் கல்லூரியில் 'ரெட்ரோ டே'யாம். நான் பத்தாவது படிக்கும்போது ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்ட ஜாக்கெட் இவர்களுக்கு மாறுவேடம். இருக்கட்டும். நாமக்கல்லில் பழைய காலத்து உடுப்புகளை வாடகைக்கு விட நான் ஒருத்தி இருக்கிறேனே, அதுவே இவர்களால்தான்.

மதியம் ஒருவர் வந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். வெயிலில் நன்றாகக் கறுத்த முகம். போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஏனுங்க, இந்த மாதிரிக் கால்சட்டை கெடைக்குங்களா?" என்றார்.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வெள்ளைக்காரன் புல்வெளியில் மட்டையைத் தோளுக்கு மேல் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். பூசணிக்காய் மாதிரி உப்பிய கால்சட்டை முழங்காலுக்குக் கீழே சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே கட்டம் போட்ட நீள சாக்ஸ்.

"இதென்னங்க, கீழ்ப்பாதியைக் காணோம்?" என்றேன்.

"கோல்ப் ஆடறவங்க அந்தக் காலத்துல இப்படித்தான் போடுவாங்களாமுங்க. புல்லுல பனி கெடக்கும். காலு நனையக் கூடாதுன்னு."

"நம்மூர்ல பனி ஏதுங்க? நெருஞ்சி முள்ளுதான் இருக்கு."

"அதுக்குத்தானுங்க சாக்ஸு."

பெயர் பூபதி. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போய் பதினெட்டு வருஷம் தான்சானியாவில் போர்வெல் போட்டவர். போன வருஷம் திரும்பி வந்து, பரமத்தி வேலூர் பக்கம் தன் பங்கு நிலத்தில் கோல்ப் ஆட இடம் பண்ணியிருக்கிறாராம். ஜூலை முதல் ஞாயிறு பழைய ரிக் நண்பர்கள் பழைய காலத்து உடுப்பில் வருகிறார்கள். பந்தயம்.

கடையில் அந்தக் கால்சட்டை இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். "தைச்சுத் தர்றேன்" என்று சொன்னது யார்? நான்தானா?

ஜூன் 13

தூங்கி எழுந்ததும் அந்தப் படத்துப் புல்தான் நினைவுக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவ்வளவு பச்சையாக எப்படித் தெரிந்தது?

ஜூன் 19, வியாழன்

துணி தேடி மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் என் பரணிலேயே கிடைத்தது. எந்தக் காலத்துக் கோட்டுத் துணியோ, தவிட்டு நிறத்தில் மெல்லிய கட்டம். விரலால் தடவினால் வைக்கோல் வாசனை வருகிற மாதிரி இருந்தது. மிஷினில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். இடையில் எங்கோ போய்விட்டேன். ஏதோ ஒரு வெளி. காற்று. யாரும் இல்லை. மிஷின் சத்தம் மட்டும் மழை மாதிரி.

பூபதி போட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றார். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ரெண்டு காலுலயும் நெல்லு ரொப்பின மாதிரி இருக்கு."

"ரொப்பிக்கலாமுங்க. பந்து தொலைஞ்சா மாத்துப் பந்து வெச்சுக்கறதுக்கும் எடம் இருக்கு."

கோல்ப் என்றால் என்ன என்று கேட்டேன். பந்தை அடிக்க வேண்டும், அது தூரமாகப் போய் விழும், நடந்து போய்த் தேட வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும், குழியில் விழும் வரை. யார் குறைவான அடியில் போடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம்.

"நீங்களே அடிச்சுத் தொலைக்கறீங்க, நீங்களே தேடறீங்க. கொறைச்சலா அடிச்சவங்கதான் ஜெயிக்கறாங்கன்னா, இதுவரைக்கும் ஒரு அடியும் அடிக்காத நான்தானுங்களே சாம்பியன்?"

அவர் அப்படிச் சிரிப்பார் என்று நினைக்கவில்லை. பக்கத்து செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

போகும்போது, "ஞாயித்துக்கெழமை நம்ம கோல்ப் காட்டுக்கு வாங்க. நீங்க தைச்சது நடக்கறதைப் பாக்க வேண்டாமா?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

போனேன்.

பரமத்தி வேலூரில் பஸ் இறங்கி ஆட்டோவில் கொஞ்ச தூரம். போன வாரத்து மழைக்கு நிலம் முழுக்க அறுகு படர்ந்திருந்தது. ஒரு பக்கம் வாழை, இன்னொரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். நடுவே ரெண்டரை ஏக்கர் பச்சை, ஒன்றுக்கும் ஆகாமல் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற நிலம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தபோது புல் முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உதறி விரித்த சேலை மாதிரி.

ஆறு குழிகள். போர்வெல் பைப்பைத் துண்டு போட்டுப் புதைத்திருக்கிறார்.

"வாழ்க்கை பூரா குழி தோண்டியாச்சுங்க. ஆயிரம் அடிக் குழியில தண்ணி வரல. அரையடிக் குழியில பந்து போக மாட்டேங்குது" என்றார்.

முதல் பந்து நேராகக் கொடிக்காலுக்குப் பறந்தது. "ஃபோர்!" என்று கத்தினார். ஆள் மேல் பந்து விழாமல் இருக்க அப்படி எச்சரிக்க வேண்டுமாம். கொடிக்காலில் வேலை செய்துகொண்டிருந்த ஆண்டி என்கிற பெரியவர் நிமிர்ந்து கை தட்டி, "ஃபோரா? அடுத்தது சிக்ஸு அடிங்க சாமி!" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. கடைசியாக எப்போது இப்படி வலித்தது?

வரப்பில் உட்கார்ந்து பேசினோம். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுவிட்டேன். "பொண்ணு பாக்கற தேதியெல்லாம் நான் அங்க குழி போட்டுட்டு இருந்தனுங்க. ஊருக்கு வந்து பார்த்தா எனக்குப் பார்த்த பொண்ணுங்களோட பொண்ணுங்களுக்குக் கல்யாணம் நடக்குது." நானும் சொன்னேன். விவாகரத்தாகிப் பதினாறு வருஷம், மகள் தீபிகா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள் என்று. அவர் 'அடடா' என்றோ 'பாவம்' என்றோ சொல்லவில்லை. "அப்பறம் இந்தக் கடை எப்ப வெச்சீங்க?" என்று கேட்டார். அது பிடித்திருந்தது.

ஜூன் 23

குழிக்கு ஆறு கொடி வேண்டுமாம். கிழிந்த நைலக்ஸ் சேலை ஒன்றை எடுத்து வெட்டினேன். ரோஸ் நிறம், வெள்ளைப் புள்ளி.

ஜூலை 2

வாடகைக்கு விடுவதற்கென்றே வைத்திருக்கும் மஞ்சள் வாயில் சேலையையும் அதற்கு ஏற்ற பஃப் கை ஜாக்கெட்டையும் எடுத்துத் தனியாக வைத்தேன். எட்டு வருஷமாக ஊரில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. ஞாயிறு போடப் போகிறேன். நாற்பத்தேழு வயதில் என்னடி இது, அறிவுச்செல்வி?

ஜூலை 6, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. நண்பர்கள் கலையரசனும் அன்பழகனும் காது மூடும் கிருதாவும் பெல்பாட்டமுமாக வந்தார்கள். எல்லாம் என் கடைச் சரக்கு. பூபதி பூசணிக்கால் சட்டையில் நடந்து வந்தபோது ஊர்க்குழந்தைகள் பின்னாலேயே ஊர்வலம் போயின. கலையரசன் பந்தை அடிப்பதாக மண்ணை ஒரு வெட்டு வெட்டினார். "அங்க தண்ணி வராது, இன்னும் நூறடி போ" என்றார் அன்பழகன். ரோஸ் கொடிகள் காற்றில் துடித்தன. என் சேலையும்தான். நான் ஏதோ ஒரு பழைய போட்டோவுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

அப்போது பூபதியின் அண்ணன் வந்தார். பேர் சின்னண்ணன். வீட்டுக்குப் பெரியவர். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏம்மா, துணி வாடகைக்கு உடறவங்கதானே நீங்க? உட்டாச்சுல்ல? புருசன் வேண்டாம்னு வந்தவங்களுக்கு அடுத்தவங்க காட்டுல ஜோடிச்சுட்டு நிக்க என்ன வேலை?"

எல்லோர் முன்னாலும். குழந்தைகள் முன்னாலும்.

நான் பூபதியைப் பார்த்தேன். மட்டையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை. வரல. அவரு வாய்ல இருந்து ஒண்ணுமே வரல.

பஸ்ஸில் எல்லோரும் என் ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். எதுக்குப் போட்டேன் நான் இதை? யாரு கேட்டா?

ஜூலை 7

மஞ்சள் சேலையைத் துவைத்து வாடகை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

பூபதி வந்தார். எல்லா உடுப்பையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். கால்சட்டையை மட்டும் தரவில்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. "ஏன் பேசலீங்க?" என்றேன்.

உடுப்புக் கட்டை மேசையில் வைத்தார். "பயந்துட்டனுங்க. அங்க ரிக் சரிஞ்சு மேல வந்தப்பக்கூட இப்படிப் பயப்படல. எங்க அண்ணனைப் பார்த்தா எனக்கு எட்டு வயசாயிடுதுங்க."

பொய் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

"எட்டு வயசுப் பையனோட எனக்கென்ன பேச்சுங்க? வளந்துட்டு வாங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி இடது பக்கம். அவர் வலது பக்கமாக நடந்தார்.

ஜூலை 20

மழை. கடைக்கு யாரும் வரவில்லை. துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ போட்ட உடுப்புகள், யார் யாரோ சிரித்த நாட்கள். கண்ணை மூடினால் புல் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

ஜூலை 27

தீபிகா கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, உனக்கு அவரைப் புடிச்சிருக்கா, இல்லையா?"

"அவர் பேசலையேடி."

"அது அவரோட பிரச்சினை. நான் உன்னைக் கேட்டேன்."

பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் பாலே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

விடிந்ததும் போனில் பூபதியின் செய்தி. "வேலூர் ஆத்துக்கு எங்க ஊட்டு ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. பத்து மணிக்கு நான் எங்க அண்ணன்கிட்டப் பேசறேன். நீங்க வந்தாலும் பேசுவேன். வராட்டியும் பேசுவேன்."

எட்டு மணி பஸ்ஸை விட்டேன். எட்டே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். சாதாரண பருத்திச் சேலை. யாருக்காகவும் ஜோடித்துக்கொள்ளவில்லை.

காவிரி கரை தொட்டு ஓடியது. படித்துறையில் கயிறு கட்டி போலீஸ் நின்றிருந்தது. பெண்கள் முளைப்பாரி விட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் தண்ணீரில் பட்டு எல்லோர் முகத்திலும் அசைந்தது. எல்லாமே கொஞ்சம் மிதக்கிற மாதிரி. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, பூசணிக்கால் சட்டையும் கட்டம் போட்ட சாக்ஸுமாக, பூபதி.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. "சர்க்கஸா மாமா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே அண்ணனிடம் போனார். குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

"அண்ணா, அன்னிக்கு நீங்க இவங்களைப் பேசுனது தப்பு. நான் வாயை மூடிட்டு நின்னது அதைவிடத் தப்பு. இவங்க சரின்னு சொன்னா நான் இவங்களைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். சொல்லாட்டியும், இவங்களை யாரும் அப்படிப் பேசக் கூடாது."

"இந்தக் கோலத்துல நின்னுட்டா இதைச் சொல்ற?" என்றார் சின்னண்ணன்.

"இதைப் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தனுங்கண்ணா. இதுக்கு மேல எனக்கு வெக்கப்பட ஒண்ணும் பாக்கியில்ல."

அண்ணன் மனைவி அங்கம்மாள் அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு சுற்றி நின்ற எல்லோரும். சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். அங்கம்மாள் அக்கா என் கையில் ஒரு பிடி காப்பரிசியை வைத்து, "சாப்புடு சாமி. அவரு அப்படித்தான். வெயில் தாழ எறங்குவாரு" என்றார்.

பூபதி என்னைப் பார்த்தார். "யோசிக்கணுமுங்க" என்றேன்.

"யோசிங்க. நான் இப்பத்தான் வளந்திருக்கேன். அவசரமில்ல."

ஆகஸ்ட் 4

அரிசியும் வெல்லமும் இன்னும் நாக்கில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நானாகவே காட்டுக்குப் போனேன். அவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மட்டையைக் கேட்டு வாங்கினேன். மூன்று தடவை காற்றைத்தான் அடித்தேன். நாலாவது அடிக்குப் பந்து பத்தடி உருண்டு நின்றது. அவ்வளவு சின்ன வெள்ளைப் பொருள், அவ்வளவு பெரிய பச்சையில்.

"நான் கடையை உட மாட்டனுங்க."

"நான் கேக்கவே இல்லீங்களே."

"போர்டுல எம் பேருதான் இருக்கும்."

"இருக்கட்டுமுங்க."

"உங்க அண்ணன் வராட்டியும் நடக்கணும்."

குழாயிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது. "நடக்கட்டுமுங்க" என்றார்.

"அப்ப சரிங்க."

வாழைத்தோப்பில் ஒரு மயில் கத்தியது. இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேலூர் இ-சேவை மையத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் முன் இருந்த சின்னப் பெண் என் ஆதாரை வாங்கி எண்ணைத் தட்டிவிட்டு, "சார், இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

"மனைவிங்க!" என்றார் இவர். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எனக்குக் கேக்குதுங்க சார். மெதுவாவே சொல்லுங்க."

இவர் இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார்.