கிட்டங்கியில் இருமல்

கார்த்திகை 3, செவ்வாய்
வாடைக்காற்று. கூரைக்கு இரண்டு ஓலை வேண்டும். பள்ளிக்கூடம் போகாத கை; உப்பு மூட்டை எழுத்தைப் பார்த்து எழுதப் பழகியது. யாரும் படிக்கப் போவதில்லை.

சங்கு அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில் பேயாம். ஜன்னலில் மூக்கில்லாத முகம். இருமலும் கேட்கிறதாம். டீக்கடையில் ஒருவன், "பேய்க்கும் சளி பிடிக்குமா அண்ணாச்சி?" சிரித்தார்கள்.

தங்கச்சி மரியம்மாள் வாசலில் தீர்த்தம் தெளித்தாள். முப்பது வருஷமாக வெள்ளைச் சீலை. "கடல்ல போன உன் மச்சான்தாண்ணே. உடம்பு கெடைக்கல்லல்லா, அடங்காம அலையுதாரு."

4, புதன்
மழை. ஓலை வாங்கவில்லை.

சங்கு குளிக்கிறவனுக்குப் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் தோணியில் கயிறு பிடிப்பான். உடன்பிறந்தவள் தாலியை அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. சவரிமுத்து மச்சானுக்கு நான் பிடித்தேன். ஏழு வருஷம். கை பிசகியதில்லை.

பிறகு அவர் காதில் தடிப்பு, விரலில் மரப்பு. தெரிந்தால் வீட்டையே ஊர் விலக்கும். வண்டியில் வைக்கோலுக்கடியில் படுக்கவைத்து தொழுநோய் ஆஸ்பத்திரியில் விட்டேன். "கடல்ல போயிட்டேன்னு சொல்லுல. மரியாளுக்குத் தெரியாண்டாம்."

சொன்னேன். கயிறு நழுவியது என்று அழுதும் காட்டினேன். பூசை வைத்தார்கள். ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. பயம்.

5, வியாழன்
வெயில். புதுத் துறைமுகத்துக்குக் கல் லாரிகள், ஒரே புழுதி.

கோயில் உபதேசியார் வந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கிட்டங்கிக்குத் தீ. வீட்டுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய். மரியம்மாளும் கொடுத்தாள்.

உச்சிப்பொழுதில் போனேன். சங்கு நாற்றம் இன்னும் போகவில்லை. உள்ளே அந்த முகம். ஓடத்தான் திரும்பினேன்.

"ஏலே சூசை, கயித்த விட்டுட்டு ஓடுதியா?"

நின்றேன்.

"அவளத் தூரத்துல ஒருக்கா பாத்துட்டுச் செத்துருதேன்ல."

6, வெள்ளி
மச்சானுக்குக் கஞ்சி, கருவாடு. விரல் மடங்காது, நானே ஊட்டினேன். நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல். எழுந்து நடக்க முடியவில்லை.

7, சனி
மரியம்மாளிடம் எல்லாம் சொன்னேன். அழவில்லை.

"மூக்கு இல்லியா?"

"இல்ல."

"எடுப்பான மூக்குல்லா." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "நீ தொட்டியா?"

"நேத்து."

"முப்பது வருஷமாத் தொடலியா?"

இரவு எனக்குச் சோறு வைக்கவில்லை.

8, ஞாயிறு
காற்றே இல்லை. பூசை முடிந்தது. மரியம்மாள் வரவில்லை. பெட்டியடியில் கிடந்த சிவப்புச் சீலையைக் கட்டிக்கொண்டு கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம். உபதேசியார் ஆள் அனுப்பினார்: "ஒம்ம தங்கச்சிக்கும் பேய் பிடிச்சிட்டு. வந்து இழுத்துட்டுப் போரும்."

செருப்பைக் காணோம். போகிறேன். அவள் பக்கத்தில் உட்கார.